ஒலித்துண்டின் இடமும் காலமும்: இசைத் தயாரிப்பு மென்பொருளில் நகர்த்தல், நகலெடுத்தல், பூட்டுதல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி இசைத் தயாரிப்பில் நகர்த்தல், நகலெடுத்தல், பூட்டுதல் ஆகிய மூன்றும் அன்றாடச் செயல்கள். காந்த நாடாக் கால நடைமுறைகளிலிருந்து இவை உருப்பெற்ற விதத்தையும், ‘பூட்டு’ என்னும் ஒரே சொல் இருவேறு பாதுகாப்புகளைக் குறிப்பதால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காந்த நாடா, மிடி, நிகழ்வு, பகிர்வு நகல், கால அடிப்படை.

முன்னுரை

இசை மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. திருத்துவோரின் கைச்செயல்களை முதன்மைப்படுத்தி நோக்கினால், ஒலி, காலம், மூலம், நகல் ஆகியவை பற்றிய கருத்துகள் மாறி வந்ததை அறியலாம்.

நாடாக் காலம்

காந்த நாடாவில் காலம் என்பது நீளமே. நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில் அரை நொடி ஒலி ஏழரை அங்குலம். ஒலியை இடம் மாற்ற நாடாவைச் சவரக் கத்தியால் வெட்டி, வேறிடத்தில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டை நீக்கினால் அடுத்துள்ள அனைத்தும் முன்னே வரும். நகலெடுக்க மறுபதிவு செய்தாக வேண்டும்; ஒவ்வொரு மறுபதிவிலும் இரைச்சல் கூடும். ஆகவே, மூலமும் நகலும் தரத்தால் வேறுபட்டன. பாதுகாப்பும் பருப்பொருள் சார்ந்ததே. கேசட்டின் பின்விளிம்பிலுள்ள சிறு நெகிழித் தகட்டைப் பெயர்த்தெடுத்தால் அதன்மேல் மீண்டும் பதிவு செய்ய இயலாது.

நிகழ்வு என்னும் கருத்து

1983இல் வெளியான மிடி நெறிமுறை ஒலியைக் கடத்தவில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்துடன், எப்போது ஒலிக்கத் தொடங்கியது, எப்போது நின்றது என்னும் செய்திகளையே கடத்தியது. இசைச்செயல் இவ்வாறு தனித்தனி நிகழ்வுகளாகப் பகுக்கப்பட்டது. மிடி இணைப்பிகளை உள்ளடக்கிய அட்டாரி எஸ்.டி. கணினிக்காக, ஜெர்மனியின் ஸ்டீன்பெர்க் நிறுவனம் 1989இல் கியூபேஸை வெளியிட்டது. அதில் தடங்கள் மேலிருந்து கீழாகவும் காலம் இடமிருந்து வலமாகவும் அமைந்தன. இசைப்பகுதிகள் சுட்டியால் இழுத்து நகர்த்தத்தக்க கட்டங்களாயின.

எனினும் நாடாவின் தருக்கம் முற்றிலும் மறையவில்லை. 1991இல் வெளிவந்த புரோ டூல்ஸில் பின்னர் நிலைபெற்ற நான்கு திருத்த முறைகளுள் ‘ஷஃபிள்’, நீக்கப்பட்ட இடத்தை அடுத்த துண்டைக் கொண்டு நிரப்புகிறது. இது நாடா ஒட்டலின் நேரடி எச்சம். ‘ஸ்லிப்’ முறையிலோ இடைவெளி அப்படியே நிற்கும்.

நகலின் இருவகை

கியூபேஸில் ஒலி நிகழ்வு என்பது வட்டிலுள்ள கோப்பைச் சுட்டும் குறிப்பே. அதை நகலெடுத்தால் கோப்பு இரட்டிப்பதில்லை, தரமும் குறைவதில்லை. மிடி பகுதிகளை இருவகையாக நகலெடுக்கலாம். தனி நகலில் செய்யும் திருத்தம் அதனோடு நிற்கும். பகிர்வு நகலில் ஒன்றைத் திருத்தினால் எல்லா நகல்களும் மாறும். நாடாக் காலத்தில் தரம் சார்ந்திருந்த மூலம்–நகல் வேறுபாடு இங்கு உறவு சார்ந்த வேறுபாடாகிறது.

பூட்டின் இருபொருள்

கியூபேஸில் ஒரு நிகழ்வின் இடம், நீளம், பிற பண்புகள் ஆகியவற்றைத் தனித்தனியாகவோ சேர்த்தோ பூட்டலாம். இது கைத்தவறுதலுக்கு எதிரான காப்பு. லாஜிக் மென்பொருளில் துண்டை எஸ்.எம்.பி.டி.இ. நேரத்தோடு பிணைப்பது வேறுவகை. அது லய வேக மாற்றத்துக்கு எதிரான காப்பு. கியூபேஸில் இத்தேவையை, தடத்தின் கால அடிப்படையை இசைமுறையிலிருந்து நேர்முறைக்கு மாற்றுவதன்வழி நிறைவேற்றுகின்றனர்.

இவ்வேறுபாடு திரைப்பட ஒலியமைப்பில் பெரிதும் உணரப்படும். நிமிடத்துக்கு 120 அடிகள், அடவுக்கு 4 அடிகள் என்னும் அமைப்பில் 5ஆம் அடவு 8ஆம் நொடியில் தொடங்கும். அங்கே கதவு மூடும் ஓசை வைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். வேகத்தை 100ஆகக் குறைத்தால் அதே அடவு 9.6ஆம் நொடிக்குச் செல்லும். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் ஓசை ஏறத்தாழ 38 சட்டகங்கள் பிந்தும். ஓசையை எவரும் தொட்டு நகர்த்தவில்லை. அடவுக் கணக்கில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே கைத்தவறுதலைத் தடுக்கும் பூட்டு இப்பிழையைத் தடுக்காது.

முடிவுரை

நாடாவில் ஒலிக்கு ஒரே இடம் இருந்தது. மென்பொருளில் ஒவ்வொரு நிகழ்வும் அடவு, கடிகாரம் என்னும் இரு காலங்களில் இடம்பெறுகிறது. நகர்த்தலும் நகலெடுத்தலும் நாடாவின் இழப்புகளிலிருந்து விடுபட்டன; பூட்டுதலோ புதிய பொறுப்பொன்றைச் சேர்த்தது. எதைப் பூட்டுகிறோம் என்பதோடு எந்தக் காலத்தில் பூட்டுகிறோம் என்பதையும் திருத்துவோர் முடிவுசெய்ய வேண்டியுள்ளது. தமிழில் இதற்கான கலைச்சொற்களை ஆக்குவோர் இவ்விரு பூட்டுகளுக்கும் தனித்தனிச் சொற்களை வழங்குவது பொருள் மயக்கத்தைத் தவிர்க்கும்.