தகரச் சீட்டும் இயந்திர நாயும்



ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், லயத்துக்கு ஒரு பெட்டி என்றாலும் தொலைக்காட்சி எங்கள் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. விண்கப்பலும் வேற்றுக்கிரகவாசியும் தோன்றினால் விஞ்ஞானத் தொடர் சிறந்துவிடும் என்று என் மாணவர் பலர் எண்ணுவதுண்டு. தொலைக்காட்சியின் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

1959 நவம்பரில் அமெரிக்காவில் 'த ட்வைலைட் சோன்' தொடரின் ஓர் அரைமணி நேர அத்தியாயம் ஒளிபரப்பாயிற்று. வாசிப்பில் பித்துக்கொண்ட ஒரு வங்கி ஊழியர். மனைவியும் மேலாளரும் அவரை வாசிக்க விடுவதில்லை. அணுகுண்டு உலகை அழிக்கிறது. பாதுகாப்பு அறைக்குள் இருந்த அவர் மட்டும் தப்புகிறார். நூல்நிலையத்து நூல்கள் யாவும் இனி அவருடையவை. அவ்வேளை மூக்குக்கண்ணாடி விழுந்து உடைகிறது! விந்தை இயந்திரம் ஒன்றுமில்லை. ஒரு மனிதனின் ஆசை மட்டுமே உண்டு. அதனாலேயே அது இன்றும் பேசப்படுகிறது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை நோக்குங்கள். 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்து, பின்னர் தூரதர்ஷனில் தொடர் நாடகமாயிற்று. ஜீனோ என்னும் இயந்திர நாயை எல்லோரும் நினைவில் வைத்திருப்பர். ஆனால் கதையின் உயிர் அங்கில்லை. பெயர் இரண்டெழுத்துக்கு மேற்படலாகாது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். அத்தகைய நாட்டிலே நிலா என்ற பெண் காணாமற்போன கணவனைத் தேடுகிறாள். மாற்றப்பட்டது நாட்டின் சட்டம். மாறாதிருப்பது மனித மனம். நல்ல அத்தியாயத்தின் சூத்திரம் இதுவே என்பேன்.

மலையகத்தாருக்கு இது கற்பனையா? 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முன்னோர் எண் பொறித்த தகரச் சீட்டோடு இந்நாட்டுக்கு வந்தனர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்தம் பிள்ளைகளை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலும் ஆயினர். எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர 2003 இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது.

எதிர்காலக் கதை என்று பிறர் எழுதியதை நாம் இறந்தகாலத்தில் வாழ்ந்து முடித்திருக்கிறோம். ஆகவே, மலையகத்து இளைஞர் விஞ்ஞானக் கதை எழுத முன்வந்தால், விண்கப்பலைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்த்தாற் போதும்.