ரீட் அலாங்: வாசிப்பு வகுப்பை அமைப்பது எப்படி?

குழந்தை உரக்க வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லைத் திருத்தித் தரும் செயலி கூகுளின் 'ரீட் அலாங்'. 2019 மார்ச்சில் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமானபோது இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே இதில் இருந்தன. பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகள் சேர்க்கப்பட்டன. உத்தர பிரதேசத்தின் 200 கிராமங்களில் நடத்தப்பட்ட முன்னோட்டத்தில், மூன்று மாதங்களில் 64 சதவீதக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் மேம்பட்டதாக அந்நிறுவனம் தெரிவித்தது.

பள்ளிகள் இதற்கான வகுப்பை கூகுள் கிளாஸ்ரூம் தளத்தில் அமைக்கலாம். தேவையான மொழி அதில் உள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆசிரியர் வகுப்புக்குப் பெயரிட்டதும் கிடைக்கும் குறியீட்டை உள்ளிட்டு மாணவர்கள் இணைவர். அடுத்து வாசிப்புப் பயிற்சியை ஒதுக்க வேண்டும். அனைவருக்கும் ஒரே பகுதியை அளிப்பது எளிது; பயன்தான் குறைவு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவரும் சரளமாக வாசிப்பவரும் ஒரே ஐந்தாம் வகுப்பில் இருப்பது நாடறிந்த நிலை. எனவே மாணவர் வாரியாகப் பயிற்சியை ஒதுக்குவதே முறை. ஒவ்வொருவரின் துல்லியம், வேகம், புரிதல் ஆகிய விவரங்கள் ஆசிரியருக்குக் கிடைக்கும்.

வீட்டில் பயன்படுத்தச் செயலியே போதும். கதைகளைப் பதிவிறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். ஆனால் குடும்பத்தில் ஒரே கைபேசி இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிச் சுயவிவரம் அவசியம். அக்காவின் சுயவிவரத்தில் தம்பி வாசித்தால் இருவரது முன்னேற்றமும் கலந்துவிடும். வகுப்பறையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உரக்க வாசித்தாலும் இதே சிக்கல்தான். சிறு குழுக்களாகப் பிரித்து, இடைவெளிவிட்டு அமர்த்துவது நல்லது.