வத்திராயிருப்புக்காரரும் ஒட்டுக் கண்ணாடியும்

கோவில்பட்டியில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மலையடிவாரமாக இன்னும் கொஞ்ச தூரம் போனால் வத்திராயிருப்பு. நம்ம கரிசல் முடிந்து வயலும் தோப்பும் ஆரம்பிக்கிற இடம். கே.எஸ். கிருஷ்ணன் 1898-ல் பிறந்த ஊர். ராமன் விளைவு என்றால் ராமனை எல்லோருக்கும் தெரியும். கூட இருந்து சோதனைகளைச் செய்த இவரை வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. (செமினாருக்குப் படிக்கும் வரை எனக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.)

1928 பிப்ரவரி, கல்கத்தா. சூரிய ஒளியை 18 செ.மீ. தொலைநோக்கி லென்ஸால் குவித்து, சுத்தமான திரவங்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே போகாத ஒரு நிறம், சிதறி வந்த ஒளியில் மங்கலாகத் தெரிந்தது. இது புதிய சிதறலா, பழைய ஃப்ளோரசன்ஸா? இரண்டாவது என்றால் கண்டுபிடிப்பே இல்லை! நேச்சர் இதழுக்கு இருவரும் எழுதிய கடிதம் இரண்டு காரணம் சொல்கிறது. ஒன்று, அந்த ஒளி மிகவும் மங்கல். இரண்டாவது, அதில் பலமான தளவிளைவு, அதாவது போலரைசேஷன், இருக்கிறது.

அந்தக் காலத்தில் தளவிளைவைப் பார்க்க ஆய்வகங்களில் இருந்த முக்கியமான கருவி நிகோல் பட்டகம். 1828-ல் எடின்பரோவின் வில்லியம் நிகோல் செய்தது. கால்சைட் படிகத்தைக் குறுக்கே வெட்டி, கனடா பால்சம் என்ற மரப்பிசினால் திரும்ப ஒட்டுவார்கள். கால்சைட்டில் ஒளி இரண்டாகப் பிரியும். ஒரு கதிருக்கு ஒளிவிலகல் எண் 1.66, இன்னொன்றுக்கு 1.49. பிசினின் எண் இரண்டுக்கும் நடுவே. அதனால் முதல் கதிர் பிசினில் பட்டு முழு அக எதிரொளிப்பாகி ஓரமாகப் போய்விடும், மற்றது நேராக வரும். பிசின் வெறும் ஒட்டு இல்லை, வேலையில் பாதி அதனுடையது. ஆனால் சூட்டில் இளகும், வயதானால் மஞ்சளாகும். நம்ம ஊர் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள் :-)

நல்ல கால்சைட்டுக்கும் எப்போதும் தட்டுப்பாடு. படிகமே வேண்டாம் என்று வழி சொன்னவர் மெக்நீல். 1943-ல் விண்ணப்பித்து 1946-ல் காப்புரிமை வாங்கினார். இரண்டு சாதாரணக் கண்ணாடிப் பட்டகங்கள், நடுவில் மெல்லிய படலங்கள், மொத்தத்தில் ஒரு கனசதுரம். 1947-ல் மேரி பேனிங் செய்முறையை விரிவாக எழுதினார்.

வெற்றிடப் பெட்டிக்குள் துத்தநாக சல்ஃபைடு, கிரையோலைட் இரண்டையும் மாற்றி மாற்றிச் சூடாக்கி ஆவியாக்க வேண்டும். ஆவி, பட்டகத்தின் சாய்ந்த முகத்தில் படியும். பச்சை ஒளிக்கு நான் கணக்குப் போட்டதில் ஒரு படலம் சுமார் 70 நானோமீட்டர், அடுத்தது சுமார் 200. படலங்களுக்கு இடையே ஒளி புரூஸ்டர் கோணத்தில் போனால் ஒரு தளவிளைவு எதிரொளிக்காமல் கடந்துவிடும். மற்றது ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கடைசியில் முழுதாக 90 டிகிரி விலகும். காற்றிலிருந்து நுழையும் ஒளியால் அந்தக் கோணத்தை எட்டவே முடியாது. அதற்காகத்தான் கண்ணாடிக்குள் புதைக்கிறார்கள், அதுவும் எண் 1.65 அளவுள்ள கனமான கண்ணாடி.

பிறகு ஒரு சொட்டுப் பசை, மேலே இரண்டாவது பட்டகம். இப்போது புற ஊதா ஒளியில் இறுகும் பசைகள் இருக்கின்றன. நடுவில் ஒரு தூசி விழுந்தால் அந்தக் கனசதுரம் குப்பைக்கு. கிரையோலைட் மென்மையானது, ஈரத்தைக் குடிக்கும். பசையும் கண்ணாடியும் அதற்குப் போர்வை மாதிரி. இன்று டைட்டானியம், சிலிக்கான் ஆக்சைடு படலங்கள் வந்துவிட்டதால் அந்தக் கவலை குறைவு.

கிருஷ்ணன் 1961-ல் மறைந்தார். சிடி, டிவிடி பிளேயர்கள் வந்தபோது, லேசர் போகும் வழியையும் திரும்பும் வழியையும் பிரிக்க பல மாடல்களில் இந்தக் கனசதுரத்தைத்தான் வைத்தார்கள்.