கர்ரி: ஒரு சொல்லின் பல பிறப்பு

ஆங்கிலத்தின் 'கர்ரி' பார்வைக்கு ஒரு சொல், பிறப்பால் பல. உணவைக் குறிக்கும் சொல் நம்முடையது. கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் அதில் பங்குண்டு. சங்க நூல்களில் 'கறி' மிளகைக் குறிக்கும். பிற்கால வழக்கில் காயும் இறைச்சியும் சோற்றுக்குத் துணையாகும் பதார்த்தமும் அப்பெயர் பெற்றன. போர்த்துகீசியர் அதனைக் 'கரில்' என்றனர். 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறையே உண்டு.

ஆயினும், ஏறத்தாழ 1390இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையற்காரர்கள் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் கியூரி'யைக் காட்டி, கறி ஆங்கிலேயரின் பழஞ்சொல்லே என வாதிடுவோர் உளர். அந்தக் 'கியூரி' சமையற்கலையைச் சுட்டும் பிரெஞ்சு வழிச் சொல்; நம் கறிக்கு எவ்வகையிலும் உறவன்று. ஒலியொப்புமை ஒன்றையே நம்புவதால் வரும் பிழை இது. உலகச் சொற்களையெல்லாம் தமிழெனக் கொண்டாடும் நம்மவர் சிலரும் இதற்கு விலக்கல்லர்.

குதிரையைத் தேய்த்துத் துலக்குதலையும் தோலைப் பதப்படுத்துதலையும் குறிக்கும் 'கர்ரி' வேறொன்று. அதுவும் பழைய பிரெஞ்சின் வழியே வந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுந்த அங்கதக் காவியமொன்றில், வஞ்சகத்தின் உருவான ஃபோவெல் என்னும் குதிரையைத் தேய்த்துவிட மன்னரும் மதகுருமாரும் முந்துகின்றனர். முகத்துதியால் ஆதரவு தேடுவதற்கு 'ஃபேவெலைத் தேய்த்தல்' என்ற தொடர் ஆங்கிலத்தில் வழங்கிற்று. 16ஆம் நூற்றாண்டில், குதிரையை மறந்தவர்கள் பெயரைத் திரித்துக் 'கர்ரி ஃபேவர்' ஆக்கிக்கொண்டனர்.