யார் முதலில் வந்தவர்?

இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜப்பானிய நன்கொடையில் உருவான அச்சேவையின் பிரதான கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே, பிதுருதலாகலை உச்சியில் எழுந்தது. நாட்டுக்கே படம் காட்டிய மலையின் அடிவாரத்து லயங்கள் பலவற்றில் அன்று மின்சாரம் இல்லை. கார் பற்றரியில்தான் தொலைக்காட்சிப் பெட்டி ஓடியது. அதில் 'ஓஷின்' பார்த்துக் கலங்கியவர்கள் நம்மில் பலர். ஆனால் மலையகத்தான் கட்டாயம் அறியவேண்டிய ஜப்பானியக் கதை, சிறுவர்களுக்கான வீரசாகசத் தொடர் ஒன்றில் இருக்கிறது.

'அல்ட்ராசெவன்' தொடரின் 42ஆவது அத்தியாயம் 1968 யூலை 21இல் ஒளிபரப்பானது. கடலடியில் ஆய்வு நடத்தும் மனிதர்களை ஒரு சிறுவன் எச்சரிக்கிறான்: பூமியின் பூர்வகுடிகள் நொன்மால்ட்டுகள், அவர்களைக் கடலுக்கடியில் விரட்டிய அந்நியர்களே மனிதர்கள். நாயகன் டான் தடுமாறுகிறான். அவனுடைய விண்ணுலகில் 'நொன்மால்ட்' என்றால் பூமிவாசி என்றே பொருள். பாதுகாப்புப் படைத் தளபதியும் கணநேரம் தயங்குகிறார். பிறகு கடலடி நகரத்தைத் தகர்த்துவிட்டு, கடலும் இனி நமதே என்று முழங்குகிறார். எச்சரித்த சிறுவனோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கடலில் இறந்துபோனவன்!

எழுதியவர் டெட்சுவோ கின்ஜோ, ஒக்கினாவாக்காரர். அத்தீவு 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. ஜப்பானுக்குள் வருவதற்கே அம்மக்களுக்குப் பயணப் பத்திரம் தேவைப்பட்டது. கதையில் ஒக்கினாவாவின் துயரைக் கண்டவர்கள் பலர்.

நமது மலையில் யார் நொன்மால்ட்? விடை எளிதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத கண்டிய விவசாயியின் காட்டையும் சேனையையும் பறித்துக் கோப்பித் துரைமாருக்கு வழிவிட்டது. அந்த மண்ணில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் முன்னோர். பறித்தவன் கப்பலேறிப் போனான். கோபம் கொழுந்துக்கூடை சுமந்தவள்மேல் விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமையை மறுத்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கின்ஜோவின் கதை திரையேறிய 1968இல் தோட்டங்களில் அந்த விண்ணப்பப் படிவங்கள்தான் பேச்சாக இருந்தன.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டை வாங்கிவைத்துக் காத்திருந்தவர்கள் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களையும் இந்நாட்டவர் என ஏற்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.