அப்பாவின் துப்பாக்கி பிள்ளைக்குச் சொந்தமா?

அடுகோடியில் உங்கள் வீட்டு பீரோவில் அப்பாவின் துப்பாக்கி இருக்கிறதா? லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் இறந்த பிறகு, 'நம்ம சொத்துதானே' என்று சும்மா வைத்திருக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

என்ன செய்யணும்?

• தோட்டாவை எடுக்கத் தெரியாவிட்டால் தொடாதீங்க, போலீஸுக்குச் சொல்லுங்கள்.

• காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதிக்காமல் ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள்.

• உங்களுக்கே வேண்டுமா? 21 வயது நிறைந்திருந்தால், வாரிசு என்ற முறையில் பெங்களூரு மாநகரக் காவல் ஆணையரிடம் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

• அப்பா உயிரோடு இருக்கிறாரா? அவருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கி வாங்கி 25 ஆண்டு ஆகியிருந்தாலோ, 2016 ஆயுத விதிகளின்படி இப்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம்.