குடும்பச் செபமாலை

தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் விளக்கு வைத்தபின் குடும்பத்தார் எல்லாரும் கூடிச் சொல்லும் மன்றாட்டு குடும்பச் செபமாலை எனப்படும். பூசைக்குக் குரு வேண்டும், பீடம் வேண்டும். செபமாலைக்கு ஒரு பாயும் ஒரு மெழுகுதிரியும் போதும்; எழுத்தறிவு கூடத் தேவையில்லை. கோயிலில் பூசை இலத்தீனில் நடந்த நான்கு நூற்றாண்டுகளிலும் வீட்டுச் செபம் தமிழிலேயே நடந்தது. இந்தச் சமயம் தமிழ் நிலத்தில் வேர்பிடித்ததில் கோயிலைவிட வீட்டுக்கே பங்கு அதிகம் என்பது மிகையாகாது.

செபமாலையின் பிறப்பு ஐரோப்பாவில். துறவியர் 150 திருப்பாடல்களை ஓதியபோது, படிக்கத் தெரியாத மக்கள் அதே எண்ணிக்கையில் பரலோக மந்திரமோ மங்கள வார்த்தை மந்திரமோ சொல்லி, மணிகளால் கணக்கு வைத்தனர். 15ஆம் நூற்றாண்டில் தோமினிக் சபையினர் இதற்கென்று பக்தசபைகள் அமைத்தனர். 1569இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் இதன் அமைப்பை ஆணையாக வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1571 அக்டோபர் 7 அன்று லெப்பாந்தோ கடற்போரில் கிடைத்த வெற்றி செபமாலை மாதாவின் துணையால் வந்தது என்று கொள்ளப்பட்டதால், அந்த நாளே இன்றும் அவருடைய திருவிழா.

தமிழ்க் கடற்கரையில் முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரை பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் செபம் எதுவும் அவர்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துகீசும் அறிந்தவர்களை உட்காரவைத்து விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், பத்துக் கற்பனை ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருவில் நடந்து சிறுவரைக் கூட்டி, கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கப் பணித்தார். நோயாளி இருக்கும் வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது சிறுவரையே அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிச் செபம் சொன்னார்கள். வீட்டுச் செபம் பிள்ளைகளிடமிருந்து பெரியவர்களுக்குப் போன விந்தையான தொடக்கம் இது. மொழிபெயர்ப்பிலும் இடறல் இருந்தது. விசுவாச மந்திரத்தில் ‘வேணும்’ என்ற சொல் நுழைந்துவிட்டதையும், அது நம்பிக்கையைக் குறிக்காமல் விருப்பத்தையே குறிக்கிறது என்பதையும் கண்ட சவேரியார், அங்கே ‘விசுவாசம்’ வரவேண்டும் என்று 1544இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதினார்.

இந்தச் செபங்களை அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்றிக்கே என்றிக்கசு அடிகளார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூல். இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூலும் அதுவே. 1579இல் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. உள்நாட்டில், 1606இல் இயேசு சபைக் குருவான தத்துவ போதகர் மதுரைக்கு வந்தது முதல் வளர்ந்த மறைப்பணித் தளத்தில், ஒரு குருவின் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. மீதி நாள்களில் உபதேசியார் முன்செபம் சொல்ல, வீட்டார் பின்செபம் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வீட்டுச் செப வழக்கம் சோதனைக்கு உள்ளாயிற்று. 1658இல் அப்பகுதியைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டி, வழிபாட்டையும் தடைசெய்தனர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து, 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகக் கேட்க வழியில்லை. கழுத்தில் செபமாலையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டதும் முகம் மாறியவர்கள் யார் என்று கவனித்தார். சில்லாலையில் அவருக்கு அடைக்கலம் கிடைத்தது. குரு இல்லாத காலம் முழுவதும் வீட்டுக்குள் நம்பிக்கை மங்காமல் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. வாஸ் அடிகளாருக்கு 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

தமிழகத்திலும் இத்தகைய வறட்சி வந்தது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் குருக்கள் தொகை வெகுவாகக் குறைந்தது. 1830களின் இறுதியில் புதிய மதுரை மிசன் தொடங்கும்வரை உபதேசியாரும் குடும்பங்களுமே பெரும்பாலான ஊர்களைத் தாங்கினர்.

1883இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அக்டோபரைச் செபமாலை மாதமாக்கினார். 1942இல் அமெரிக்காவில் பாட்ரிக் பெய்டன் அடிகளார் குடும்பச் செபமாலை இயக்கத்தைத் தொடங்கினார். சேர்ந்து செபிக்கும் குடும்பம் சேர்ந்து வாழும் என்ற அதன் முழக்கம் தமிழ்ப் பங்குகளின் சுவர்களிலும் ஏறியது. அதை எழுதியவர் ஒரு விளம்பர எழுத்தாளர் என்பது பலருக்குத் தெரியாது. குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்னும் கருத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குறிப்பிட்டது. முத்துக்குளித்துறையில் அப்போது வீட்டுச் செபத்துக்கு நானூறு வயது கடந்திருந்தது.

செபமாலையில் 53 சிறுமணிகள் மங்கள வார்த்தைக்கு உரியவை. ‘53 மணிச் செபமாலை’ என்ற வழக்கு இதனால் வந்தது. செபிக்கும்போது தியானிக்கும் மறையுண்மைகள் நாளுக்கு நாள் மாறும்: திங்கள், சனி மகிழ்ச்சி; செவ்வாய், வெள்ளி துயர்; புதன், ஞாயிறு மகிமை; 2002இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறையுண்மைகள் வியாழனுக்கு. பத்து மணியை ஒருவர் தொடங்க, அடுத்த பத்து இன்னொருவருக்கு; கடைக்குட்டிக்கும் ஒரு பத்து உண்டு. நாலாம் பத்துக்குள் சிறுவர் தூங்கி விழுவதும், தாயின் கை முதுகில் தட்டுவதும் எல்லா வீட்டிலும் உள்ளவை. பின்னர் மாதா மன்றாட்டு மாலை, இறந்தவர்களுக்காக ஒரு செபம். முடிந்ததும் பிள்ளைகள் கைகூப்பித் ‘தோத்திரம்’ சொல்ல, பெரியவர்கள் நெற்றியில் சிலுவை வரைவார்கள். சுவரில் திரு இருதயப் படம். அதன் பின்னால் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைச் சிலுவை, அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்குக் கோயிலில் கேட்கும்வரை இருக்கும்.

செபத்தின் தமிழும் மாறியது. பிரியதத்தம் அருளாயிற்று, சர்வேசுரன் இறைவனானார், சேசு இயேசுவானார். ஒரே அறையில் பாட்டி பழைய பாடத்தையும் பேத்தி புதிய பாடத்தையும் சொல்வது நெடுநாள் நடந்தது. திருத்தம் தேவையானதுதான், என்றாலும் பழைய பாடத்தில் இருந்த ஓசை நயம் புதியதில் முழுமையாக வரவில்லை.

தொலைக்காட்சித் தொடரும், மாலைத் தனிவகுப்பும், வெளியூர் வேலையும் இந்த நேரத்தை அரித்துவிட்டன. பல வீடுகளில் செபமாலை இப்போது அக்டோபருக்கும், அன்பியக் கூட்டத்துக்கும், வீட்டில் சாவு நேரும் நாள்களுக்கும் சுருங்கியிருக்கிறது. சாவு வீட்டில் மட்டும் அது தவறுவதில்லை. சவத்தின் இரு கைகளையும் சேர்த்து, இறந்தவர் உருட்டிய மணிமாலையையே விரல்களில் சுற்றிப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்கிறார்கள்.